கத்திரிக்கோல் அம்மாவின் ஆட்சேபணை

சொந்த மாப்பிள்ளையே தன்னை வில்லியாக்குவார் என்று ராணியம்மா கனவிலும் நினைக்கவில்லை.

ராணியம்மா என்பது அவள் பெற்றோர் வைத்த பெயரல்ல. நகர நாடகக் குழுவில் முப்பது வருஷத்துக்கு மேலாக ராணி வேஷம் என்றால் அவள்தான் என்பதால் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. நகரசபையின் செலவில் நடக்கும் குழு அது. வாரம் முழுக்க நாடகம், நாளுக்கொரு கதை, ஆனால் ஆட்கள் மட்டும் அதே ஆட்கள். திங்கட்கிழமை சிம்மாசனமாக இருந்த நாற்காலி, செவ்வாய்க்கிழமை உறை மாறிப் பல் டாக்டரின் நாற்காலியாகிவிடும். திங்களன்று அதில் கம்பீரமாக நாடாண்டவள், செவ்வாயன்று அதிலேயே வாயைப் பிளந்துகொண்டு கிடப்பாள்.

அரங்கம் ஒரு காலத்தில் தீயணைப்பு நிலையமாக இருந்தது. வண்டிகள் பெரிய இடத்துக்குப் போன பிறகு, தபால்காரர் ஒருவரும் இரண்டு பள்ளி ஆசிரியைகளும் சேர்ந்து அந்தக் காலிக் கொட்டகையில் நாடகம் போட்டார்கள். ஊர் சிரித்தது, பிறகு ஊரே வந்து உட்கார்ந்தது, கடைசியில் நகரசபை வேறு வழியில்லாமல் தத்து எடுத்துக்கொண்டது. வீரர்கள் மாடியிலிருந்து சறுக்கி இறங்கும் இரும்புக் கம்பம் இன்னும் மேடையின் ஓரத்தில் நிற்கிறது. தேவர்கள், பிசாசுகள், மாடியிலிருந்து தப்பியோடும் காதலர்கள் எல்லோரும் அதன் வழியாகத்தான் வருவார்கள்.

குழுவுக்கு ஐம்பது வயது ஆகிறது என்றதும், அதன் சரித்திரத்தையே நாடகமாகப் போட்டுவிடலாம் என்று மாப்பிள்ளை முடிவெடுத்தார். அவர்தான் இப்போது இயக்குநர். வீட்டில் "அத்தை" என்பார், ஒத்திகையில் "மேடம்" என்பார். குழு பிழைத்ததற்குக் காரணமான பெரிய கட்டம் ஒன்று நாடகத்தில் உண்டு என்று கேள்விப்பட்டதும் ராணியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கதாநாயகிக்குத் தொண்டை கட்டிப்போன அன்று, டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த ஒரு பெண் மேடையேறி அத்தனை வசனத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாளே, அந்தக் கட்டம்தான். அந்தப் பெண் வேறு யாருமில்லை, அவளேதான். தன் வேஷத்தைத் தானே போடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஒத்திகை அறையில் மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மேடம், சின்ன வயசு உங்களைப் புதுசா வந்திருக்கிற பொண்ணு பண்றா."

"சரி. அப்போ நான்?"

மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். "கத்திரிக்கோல் அம்மா."

அறையில் ஒருவர் இருமினார். வேறொருவர் அவசரமாக வெளியே போனார்.

கத்திரிக்கோல் அம்மா நகரசபையின் பழைய உறுப்பினர். எந்தச் செலவைக் கண்டாலும் நறுக்கித் தள்ளுவதால் வந்த பெயர். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அரங்கத்தை மூடிவிட்டு அங்கே கார் நிறுத்துமிடம் கட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர். அந்தத் தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றது. அந்த ஒரு ஓட்டும், தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர் ஒருவர் திடுக்கிட்டு விழித்துத் தப்பான நேரத்தில் கை தூக்கியதால் விழுந்தது. "நாடகம் பாத்தா வயிறு நிறையுமா?" என்று அன்றைக்கு அந்த அம்மா சபையில் முழங்கியதாகக் குழுவில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள். ராணியம்மாவும் கை கால் ஆட்டி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

அன்று முதல் வீட்டில் மௌன யுத்தம். சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்க, ராணியம்மா மகளிடம் மட்டும் பேசினாள்.

"உன் புருஷன்கிட்ட சொல்லு, உப்பு அவர் கைக்கிட்ட இருக்கு."

"நேராவே கேளேன்ம்மா. நான் என்ன தந்தி ஆபீசா?"

"வில்லிங்க யாரோடயும் நேரா பேச மாட்டாங்கடி."

மாப்பிள்ளை உப்பை நகர்த்திவிட்டு, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அத்தை, நல்லவங்களா நடிக்க என்கிட்ட ஏழு பேர் இருக்காங்க. கூட்டம் மொத்தமும் வெறுக்கணும், ஆனா கண்ணை எடுக்கக் கூடாது. அதுக்கு உங்களை விட்டா எனக்கு யாரும் இல்ல."

இது பாராட்டா, குத்தலா என்று ராணியம்மா இரண்டு நாள் யோசித்தாள். பாராட்டு என்றே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றிய மூன்றாம் நாள், நிஜமான கத்திரிக்கோல் அம்மாவைப் போய்ப் பார்த்து வரக் கிளம்பினாள். நடையையும் பேச்சையும் திருடி வருவதுதான் திட்டம்.

அந்த அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். கதவைச் சங்கிலியோடு திறந்து, இடுக்கு வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"யாரு? ஓ. ராணி."

"என்னை உங்களுக்குத் தெரியுமா?"

"வாராவாரம் பாக்கறேன், தெரியாம என்ன? நீ மேடையில செத்ததை எத்தனையோ தடவை பாத்திருக்கேன்மா. ஒரு தடவைகூட நான் நம்பினதில்ல."

ராணியம்மாவுக்குச் சுருக்கென்றது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனால் அதற்குள் சங்கிலி கழன்று கதவு திறந்துவிட்டது.

கூடத்தில் எல்லாப் பொருளும் சுவரோடு சுவராக அடங்கி நின்றன, சபைக் கூட்டத்துக்குக் காத்திருப்பதைப் போல. அந்த அம்மா தேநீர் கொடுத்தார், சர்க்கரையை மட்டும் தானே அளந்து போட்டார். கோபம் வரும்போது கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே திரும்ப மாட்டிக்கொள்வதை ராணியம்மா மனதில் குறித்துக்கொண்டாள். பேசப் போகும்போது ஆள்காட்டி விரலால் மேஜையைத் தட்டுவதையும்தான்.

"சரித்திர நாடகம் போடறோம். நான் உங்களைத்தான் பண்றேன்," என்றாள் ராணியம்மா. "முதல் நாளுக்கு நீங்க வரணும்."

"அழைப்பெல்லாம் வேண்டாம். டிக்கெட் வாங்கிட்டுத்தான் வருவேன்," என்றார் அந்த அம்மா. "ஓசியில பாத்தா குறை சொல்ல முடியாது."

முதல் நாள் மாலை அரங்கம் பிதுங்கி வழிந்தது. மேயர் முதல் வரிசையில் இருந்தார். கத்திரிக்கோல் அம்மா மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தபால்காரர் வந்தார், ஆசிரியைகள் வந்தார்கள். புதுப் பெண் டிக்கெட் கிழித்து, மேடையேறி, மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். திரைக்குப் பின்னால் நின்ற ராணியம்மாவுக்கு வயிறு எரிந்தாலும், பெண் நன்றாகவே செய்கிறாள் என்பதை மறுக்க முடியவில்லை. பிறகு நகரசபைக் கட்டம். ராணியம்மா உள்ளே வந்தாள், விரலால் மேஜையைத் தட்டினாள், கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமல் மாட்டினாள். கூட்டத்தில் வயதானவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவள் கையை உயர்த்தி முழங்கினாள்:

"நாடகம் பாத்தா வயிறு நிறையுமா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்ல!"

குரல் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. கத்திரிக்கோல் அம்மா எழுந்து நின்றிருந்தார். மேலே விளக்குக் கூண்டில் நின்ற மாப்பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மேடையில் இருந்த சபை உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த வசனம் யாருக்கும் நினைவில்லை.

ராணியம்மாவுக்கு மட்டும் உடம்பெல்லாம் ஏதோ பற்றிக்கொண்டது போலிருந்தது. எத்தனை வருஷமாயிற்று, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் அவள் மேடையில் நின்று!

"தலைவர் அவர்களே," என்றாள் அவள் நிதானமாக, "மூணாவது வரிசையிலேர்ந்து ஒரு ஆட்சேபணை. பேச அனுமதிக்கணும்."

"அனுமதி," என்றார் தலைவர் வேஷக்காரர்.

"மூடச் சொன்னேன். அதை மறைக்கல," என்றார் கத்திரிக்கோல் அம்மா. "கூரை ஒழுகிச்சு. தவசியா நடிச்சவர் குடிச்சிட்டுத் தள்ளாடிக்கிட்டே வந்தார். இதுக்கெல்லாம் ஊர்ப் பணமான்னு கேட்டேன். வயிறு நிறையுமான்னு கேக்க நான் என்ன முட்டாளா? கோட்டு போட்டா வயிறு நிறையுமா, கண்ணாடி போட்டா நிறையுமா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இது எழுதிவைத்த வசனம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மேயர் பக்கத்திலிருந்தவரிடம், "யாருங்க இந்த அம்மா? பிரமாதமா பண்றாங்க," என்றார்.

"அவ்வளவு மோசம்னா அப்புறம் எதுக்கு வாரா வாரம் வர்றீங்க?" என்று மேடையிலிருந்து கேட்டாள் ராணியம்மா.

"என் காசை என்ன பண்றாங்கன்னு நான் பாக்க வேண்டாமா?"

கைதட்டல் ஓய நேரம் பிடித்தது. ராணியம்மா விடவில்லை. "சரி, ஓட்டுக்கு விடுவோம். அரங்கம் இருக்கணும்ங்கறவங்க கை தூக்குங்க."

கொட்டகை முழுக்கக் கைகள் எழுந்தன. மேயரின் கையும் எழுந்தது. "மூடணும்ங்கறவங்க?" மூன்றாவது வரிசையில் ஒரே ஒரு கை, ஆடாமல் அசையாமல் நின்றது. ராணியம்மா அதைப் பார்த்தாள். தான் யாராக நடிக்கிறோம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. மெல்லத் தானும் கையைத் தூக்கினாள்.

கத்திரிக்கோல் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அது செல்லாது! நீயும் நானும் ஒரே ஆளு. ஒரு ஆளுக்கு ரெண்டு ஓட்டு கிடையாது!"

அதற்குப் பிறகு நாடகம் எப்படி முடிந்தது என்பது யாருக்கும் சரியாக நினைவில்லை. சிரிப்பில் பாதி வசனம் கேட்கவில்லை.

மறுநாள் டிக்கெட் ஜன்னலில், "அந்த மூணாவது வரிசை அம்மா அடுத்த காட்சியிலயும் உண்டா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வி. மாப்பிள்ளை நேராக மாமியாரிடம் வந்து நின்றார். மேஜையில் மௌன யுத்தம் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் முடிவுக்கு வந்தது. "அத்தை, அவங்களை எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க."

இரண்டாம் காட்சிக்கு அந்த அம்மா வந்தார், ஆனால் வினை அங்கேதான் இருந்தது. எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்பது இப்போது அவருக்குத் தெரியும். பேச்சை வீட்டிலேயே தயார் செய்து, மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். ராணியம்மா அதே வசனத்தை முழங்கியதும் எழுந்தார். "நான். அப்படிச். சொல்லவே. இல்ல," என்று பள்ளிக்கூடப் பிள்ளை திருக்குறள் ஒப்பிப்பதைப் போல ஒப்பித்தார். நடுவில் மறந்து போய், "மன்னிக்கணும்," என்று சொல்லி முதலிலிருந்து தொடங்கினார். கூட்டம் நெளிந்தது.

உடை மாற்றும் அறையில் அவர் முகம் தொங்கிப் போயிருந்தது. "எனக்கு இதெல்லாம் வராதும்மா. நான் இனிமே வரல."

எத்தனையோ கதாநாயகர்கள் இதே முகத்தோடு அந்த அறையில் உட்கார்ந்ததை ராணியம்மா பார்த்திருக்கிறாள். அவர்களைத் தேற்ற அவளுக்கு ஆயிரம் வார்த்தை தெரியும். ஆனால் இவருக்குத் தேறுதல் உதவாது, வேறு மருந்துதான் வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. "இன்னும் ஒரே ஒரு தடவை வாங்க," என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

மூன்றாம் காட்சி. ராணியம்மா கையை உயர்த்தினாள். கத்திரிக்கோல் அம்மா தன் வசனத்தை உதட்டுக்குள் முணுமுணுத்தபடி தயாராக இருந்தார்.

"நாடகக்காரங்க எல்லாம் சோம்பேறிங்க! நகரசபைக்காரங்க மாதிரி!" என்றாள் ராணியம்மா.

மனப்பாடமெல்லாம் காற்றில் பறந்தது. "என்னது? யாரு சொன்னா? நானா? என் சபையையா?" கைப்பை கீழே விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. வரிசைக்கு வெளியே வந்து, மேடையின் விளிம்பு வரை நடந்து வந்து, விரலால் மேடைப் பலகையைத் தட்டி அவர் பேசிய பேச்சில் கொட்டகை குலுங்கியது. மேலே கூண்டில் மாப்பிள்ளை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் ராணியம்மா ஒரு புதுப் பொய்யோடு மேடையேறினாள். காலையில் பல் துலக்கும்போது யோசிப்பாள், மகளிடம் சொல்லிப் பார்ப்பாள். "இது ரொம்ப ஓவர்ம்மா," என்பாள் மகள். "அப்போ இதுதான்," என்பாள் இவள். கார் நிறுத்துமிடத்தில் தன் காரை நிறுத்தத்தான் அந்த அம்மா தீர்மானம் கொண்டுவந்தார் என்று ஒரு வாரம் சொன்னாள். கார் ஓட்டவே தெரியாத கத்திரிக்கோல் அம்மா அன்றைக்கு மேடையிலேயே ஏறிவிட்டார்.

அவருக்குச் சந்தேகம் ஒன்று மட்டும் வந்தது. மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அம்மாவுக்கு மறதி ஜாஸ்தியாயிட்டு வருது. வாரம் ஒண்ணு சொல்றா. டாக்டர்கிட்டக் காட்டுங்க," என்றார் கவலையோடு. மகள் முந்திக்கொண்டு வந்த சிரிப்பை அடக்க, கைக்குட்டையைத் தேட வேண்டியிருந்தது.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கென்றே நிலைத்துவிட்டது. இலவச நாற்காலி ஒன்றைப் பெயர் பொறித்துத் தருவதாக மேயர் சொன்னார். கத்திரிக்கோல் அம்மா அது வீண் செலவு என்று மறுத்துவிட்டு, வழக்கம் போல டிக்கெட் ஜன்னலில் வரிசையில் நின்றார்.

வீடு திரும்ப இருவருக்கும் ஒரே பேருந்து. முதலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள், பிறகு எதிரெதிரே. மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு குடை மட்டுமே இருந்ததால், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"அடுத்த வாரம் நான் வர முடியாது," என்றார் கத்திரிக்கோல் அம்மா. "கண்ணுல ஆபரேஷன்."

ராணியம்மா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். மூன்றாவது வரிசையில் அந்த நாற்காலி காலியாக இருக்க, யாரிடம் பொய் சொல்வது? "அப்போ அந்த வாரம் வேற நாடகம் போடச் சொல்றேன் மாப்பிள்ளைகிட்ட."

"ஒரு ஆளுக்காக நாடகத்தை நிறுத்துவீங்களா? ஊர்ப் பணம்மா அது!"

"ஆட்சேபணை இருந்தா சபையில சொல்லுங்க."

"சொல்லாம விடுவேனா?" என்றார் அந்த அம்மா. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ஆபரேஷனுக்கு யாராவது கூட வரணுமாம். நீ சும்மாதானே இருப்பே?" என்றார்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள் ராணியம்மா.