பச்சை தெரியாத படம்

மாமனார் ஊரில் கார் நின்றதுமே அழகுசுந்தரத்துக்கு நிலவரம் புரிந்துவிட்டது. வழக்கமாக ஓடிவந்து பையை வாங்கிக்கொள்கிற மச்சினன் தேனப்பன், இன்று பின்கதவைத் திறந்து தன் அக்காளின் பையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கேமரா பை சீட்டிலேயே கிடந்தது. அழகுசுந்தரமும் கிட்டத்தட்ட அப்படித்தான் கிடந்தார்.

"எறங்குங்க," என்றாள் விசாலி. "கல்யாணத்தன்னைக்கு மாலை போட்டு எறக்குனாக. இன்னைக்கு நீங்களாத்தான் எறங்கணும்."

காரைக்குடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊரார் பார்வையைச் சரிசெய்து பிழைப்பவர் அவர். 'இந்த மெரூன் பிரேம் கண்ணை அடிக்குது, அந்த ரோஸைக் காட்டுங்க' என்பவர்களோடு வாரமெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியலில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மரம், பாறை, கண்மாய், கொக்கு. எல்லாமே கறுப்பு வெள்ளை. யாரும் திரும்பிப் பார்க்காத சீமைக்கருவேலம்கூட, நிறத்தைக் கழற்றிவிட்டால் முள் முள்ளாக எழுந்து நிற்கும். வெறும் பொட்டலுக்கு மேலே மேகம் கல்லைப்போலக் கனக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் அவருக்குச் சோறு தண்ணீர்கூட மறந்துபோகும். வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள் என்று தானே முந்திக்கொண்டு சிரித்துவிடுவார்.

கேமராவில் வண்ணமே பதிவாகாதபடி வைத்திருந்தார். இருந்தால் சபலம் தட்டும் என்பார், என்னமோ முற்றும் துறந்தவர் மாதிரி. 'நிறம் என்பது கூச்சல்' என்று முகநூலில் எழுதியதற்குச் சிலர் இதயம் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று, விசாலி குளிக்கப் போன நேரம் அவள் போனிலிருந்து அவரே போட்டது.

வினை போன மாதம் வந்தது. மாமனார் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர், விடிந்தும் விடியாமலும் ஊருணிக்குப் போனார். ஒரு காலத்தில் ஊரே குடித்த தண்ணீர். இப்போது மாடுகூட வாய் வைப்பதில்லை. பக்கத்துப் பெரிய வீட்டை ஓட்டலாக்கியதிலிருந்து, அதன் அடுப்படிக் கழிவும் சலவைக் கழிவும் மழைத்தண்ணீர் வருகிற வரத்துக்கால் வழியாக நேரே ஊருணிக்குத்தான் வருகின்றன. தண்ணீர் பச்சைப் பெயிண்டைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது. மீன்கள் செத்து, வயிறு மேலே தெரிய மிதந்தன. அழகுசுந்தரம் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு படியில் நின்றார்.

ஆனால் கேமராவின் சின்னத் திரையில் பச்சையைக் காணோம், நாற்றத்தைக் காணோம். வெள்ளித் தகடாகத் தண்ணீர். அதில் இறைத்துவிட்டதுபோல் வெள்ளைப் புள்ளிகள். அவர் ஆயுளில் எடுத்த ஆகச் சிறந்த படம். 'அமைதி' என்று பெயர் வைத்துப் போட்டிக்கு அனுப்பினார். பத்தே நாளில் முதல் பரிசு கிடைத்தது. பார்த்தவர்கள் எல்லோரும், "அல்லிப்பூ என்ன அழகு!" என்றார்கள். அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஓட்டல் மேனேஜர் ஹரீஷ் படத்தைக் கேட்டபோது, பேர் போட்டால் போதும் என்று பல்லெல்லாம் தெரிய அனுப்பிவைத்தார். வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். பேரையும் போட்டார்கள். ஓட்டலில் பெருக்கித் துடைக்கிற பெண்கள் அன்றைக்கே வந்து ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

இன்று ஊருணியைப் பார்வையிட மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருகிறார். தேனப்பன் எத்தனையோ படியேறி இறங்கி வரவழைத்தது. ஓட்டல்காரர்கள் சும்மா இருப்பார்களா? போன வாரமே ஆள் விட்டுப் பாசியை வழித்து, மீனைப் பொறுக்கி, போர்வெல் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஊருணியைப் புதுமாப்பிள்ளையாக்கி வைத்திருந்தார்கள்.

"அத்தான், அன்னைக்குக் கலர்ல ஒண்ணாவது எடுத்தீகளா?" என்று கேட்டான் தேனப்பன். உட்காரச் சொல்லவில்லை.

"இல்லப்பா. என் கேமராவுல கலர் வராது. வராத மாதிரி வச்சிருக்கேன்."

"நிறம் கூச்சலாமே? தண்ணி பச்சையாக் கத்துச்சே, உங்க காதுல விழலையா?" அக்காளிடம் திரும்பினான். "ஆச்சி, இவுக கிட்ட கண்ணாடி வாங்குறவுக கதி என்னான்னு என்னைக்காச்சும் யோசிச்சீகளா?"

"என் கதியையே இன்னும் யோசிச்சு முடிக்கலை," என்றாள் விசாலி.

ஊருணிக் கரையில் கூட்டம் கூடியிருந்தது. அதிகாரி சௌபர்ணிகா சின்ன வயசுதான். தெளிந்த தண்ணீரைப் பார்த்தார், ஊர்க்காரர்கள் நீட்டிய போன்களில் பச்சைத் தண்ணீரைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார்.

"மேடம், இப்பல்லாம் போன்லயே பச்சையைக் கூட்டிக்கலாம், செத்த மீனை ஒட்டிக்கலாம்," என்று ஹரீஷ் சிரித்தான். "பில்டர் போட்டா நானே பச்சையாத் தெரிவேன். இதைப் பாருங்க. அதே மாசம் எடுத்தது. பரிசு வாங்கின படம். எடுத்தவர் இந்த ஊர் மாப்பிள்ளை. கறுப்பு வெள்ளை மேடம், இதுல ஏமாத்த என்ன இருக்கு?"

அதிகாரி அவன் போனை வாங்கிப் பார்த்தார். முகத்தில் இருந்த அலுப்பு இறங்கியது.

"ரொம்ப நல்லா இருக்கே. அல்லியா?"

"அல்லிதான் மேடம். கெட்ட தண்ணியில இப்படிப் பூக்குமா?"

"இதைப் பார்த்தா நிஜம் மாதிரிதான் இருக்கு," என்றார் அதிகாரி, பாதி தனக்குத்தானே.

கூட்டம் மொத்தமும் அழகுசுந்தரத்தின் பக்கம் திரும்பியது. எந்தக் கல்யாண வீட்டிலும் அவரை இத்தனை பேர் ஒருசேரப் பார்த்ததில்லை.

"எங்க ஊர்ல கை நனைச்சிட்டு எங்க ஊருணிக்கே வெள்ளையடிச்சிட்டீகளேய்யா!" என்று கத்தினாள் அம்மாக்கண்ணு. ஊருணிக்கரை ஓரத்து வீடு அவளுடையது. நாற்றத்தில் முதல் பங்கு அவளுக்குத்தான். "பொண்ணையும் குடுத்து, தண்ணியையும் குடுத்தோம்!"

"இது நீங்க எடுத்ததா சார்?" என்று கேட்டார் அதிகாரி.

கேவலம், அந்த நேரத்திலும் அவருக்கு முதலில் தோன்றியது, 'மேடம் ரசனைக்காரர்' என்பதுதான்.

"ஆமா மேடம். போன மாசம்."

"அல்லிப்பூதானே இது?"

தூரத்தில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். முட்டாள் பட்டம் அவருக்குப் பழகினது. அளவெடுத்துப் புதிதாகத் தைக்கவேண்டியதில்லை. மீன் என்றால்? செத்த மீனைப் பார்த்துக்கொண்டே, வெளிச்சம் வாகாக விழட்டும் என்று காத்து நின்ற மனிதன் என்றாகும். அதோடு, அந்தப் படம் செத்தது. இனி யாரும் அதைப் பார்த்து அழகு என்று சொல்லமாட்டார்கள். அவராலும் முடியாது. அப்படி இன்னொன்று எடுக்கவும் அவருக்கு வாய்க்காது, அவருக்கே தெரியும்.

"போன்ல பாக்காதீக மேடம்," என்றார். "ஓட்டல்ல பெருசா மாட்டியிருக்காக. அங்குட்டு வாங்க."

ஹரீஷ் சந்தோஷமாகவே வழிகாட்டினான்.

வரவேற்பறை வாசலில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ஊர்க்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் படத்தை இப்போதுதான் பார்க்கிறார்கள். "நம்ம ஊருணியா இது!" என்று வாய்விட்ட ஒருத்தி, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். தேனப்பன்கூட இமைக்காமல் நின்றான். பிறகு அதற்கும் சேர்த்து அத்தானை முறைத்தான்.

"கிட்டக்கப் போங்க மேடம். மூக்கு ஒட்டுற அளவுக்கு."

அதிகாரி போனார். அவருடைய கண்ணாடி லேசாக இறங்கியிருந்ததைத் தொழில்புத்தி கவனித்தது, வாய் அடக்கிக்கொண்டது.

"இது... கண்ணா?"

"கண்ணுதான். இது செவுளு. இங்க வாயத் தொறந்துருக்கு பாருங்க. கெண்டை மேடம், எல்லாமே செத்த கெண்டை. அல்லி ஒண்ணுகூடக் கெடையாது. இந்த வெள்ளித் தகடு மாதிரி இருக்கே, அது பச்சைப் பாசி. நான் மூக்கக் கட்டிக்கிட்டுத்தான் எடுத்தேன்."

படத்தைச் சின்னதாகவே மாட்டியிருந்தால் பூக்கள் பூக்களாகவே இருந்திருக்கும். ஓட்டல்காரர்களின் பெரிய மனசு ஒவ்வொரு மீனுக்கும் முகம் கொடுத்திருந்தது.

"மேடம், இதையும் இவங்க ஏதோ மாத்தி..." என்று ஆரம்பித்தான் ஹரீஷ்.

"கறுப்பு வெள்ளையில ஏமாத்த என்ன இருக்குன்னு நீங்கதானே கேட்டீங்க?" என்று குறுக்கிட்டார் அதிகாரி.

வரத்துக்காலுக்குப் போகிற குழாய்களை இன்றே, தன் கண்முன்னால் அடைக்கவேண்டும் என்றார் அதிகாரி. விசாரணை முடியும்வரை படத்தை ஊராட்சி அலுவலகத்தில் வைக்கச் சொன்னார். ஹரீஷ் ஆளை அழைக்க ஓடினான். வெளியே யாரோ விசில் அடித்தார்கள். அழகுசுந்தரத்தின் தோளை யாரும் தட்டவில்லை.

தேனப்பன் கிட்டே வந்தான்.

"அப்ப மீனுன்னு தெரிஞ்சிருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் 'அமைதி'ன்னு பேர் வச்சீக."

அழகுசுந்தரம் வேடிக்கையாக ஏதாவது சொல்லப் பார்த்தார். வந்தது உண்மைதான். "அன்னைக்கு வெளிச்சம் நல்லா இருந்துச்சுப்பா," என்றார்.

தேனப்பன் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினான்.

"ஒரு மூலையப் பிடிங்க."

"நானா?"

"எடுத்தவுகதானே தூக்கணும்?"

நான்கு பேருமாகத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். உச்சிவெயில். பிரேமின் விளிம்பு விரலை அறுத்தது. அம்மாக்கண்ணு பின்னாலேயே வந்து, வழியில் நின்றவர்களிடமெல்லாம், "கிட்டக்க வந்து பாருங்க, அப்பத்தான் தெரியும்!" என்று ஏலம் போடுகிறவள் மாதிரி கூவினாள்.

"மெதுவாப் போப்பா," என்றார் அழகுசுந்தரம்.

"கீழ கீழ போட்டீக, எனக்குக் கோவம் வந்துரும்," என்றான் தேனப்பன்.

"இப்ப இருக்குறது என்னதாம்?"

"இது அதுக்கும் மேல. இதுக்கு ஒரு பேரு வைக்கணும். நீங்கதான் நல்லா வைப்பீகளே."

விசாலி குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து சேர்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெயில் படாமல் குடையைப் படத்துக்கு மேலேதான் பிடித்தாள். அதில் கையகல நிழல் வழிந்து அவர் தோளில் விழுந்தது. அது விலகிவிடாதபடி நடையைச் சரிசெய்துகொண்டு, அழகுசுந்தரம் தன் மூலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.