துணைக்கு வந்தவள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வரிசையில் கிடைத்தது. ஓட்டுப் போட நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கண் தெரியாத ஒருவரும் அவர் மனைவியும். மேசையிலிருந்த அதிகாரி, அவர் அங்கே இல்லவே இல்லாத மாதிரி அந்த அம்மாவிடம் கேட்டார்: "இவருக்கு நீங்கதான் போடப் போறீங்களா?"

"ஆமா சார், எப்பவும் நான்தானே."

கணவர் தொண்டையைச் செருமினார். "இந்தத் தடவ நானே போட்டுக்கறேன்."

அந்த அம்மாவின் முகம் மாறியது. [மாறியதாக எனக்குத் தோன்றியது என்று எழுதுவதுதான் நியாயம்.] நான் பார்த்தது அவ்வளவே. இனி வருவதெல்லாம் என் கற்பனை. அந்த அம்மா இதைப் படித்தால் என்னைச் சும்மா விடமாட்டார், விடவும் கூடாது.

2

எப்படித் தொடங்குவது?

"இருளில் வாழும் அவருக்கு ஒரே ஒளியாக" — வேண்டாம். யாராவது படித்துக் காட்டினால் அவரே சிரிப்பார்.

"அவர் பார்வை போன அன்று மழை" — மழை பெய்யாத நாளிலும் பார்வை போகும்.

அவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். இதுதான் சரி.

எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றித் தரும், கருகிய வார்னிஷ் வாடை எப்போதும் அடிக்கும் சின்னக் கடை. கண்ணில் அழுத்தம் கூடிக் கூடி, நடுவயதில் பார்வை முழுசாகப் போனபோது கடையை மூடிவிடுவார் என்றுதான் தெருவே நினைத்தது. அவர் மூடவில்லை. செம்புக் கம்பியை விரலால் தடவித் தடவியே சுற்றப் பழகினார். மனைவி தையல் வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தாள். வருகிறவர்களிடம் பேசுவது, கம்பியின் நிறம் சொல்வது, பேரம் எல்லாம் அவள். தெரு அவளுக்கு 'வைண்டிங்கக்கா' என்று பெயர் வைத்தது. வாடிக்கையாளர்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும் அவள் சொன்னதுதான் உலகம். சட்டை நீலம் என்றால் நீலம்.

3

பார்வை போனபின் வந்த முதல் தேர்தலில், அவர் சொன்ன ஆளுக்கே அவள் அழுத்தினாள். மறைப்புக்குள் அவர் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

(துணைக்கு வருகிறவரிடம் ஒரு உறுதிமொழி வாங்கினார்கள்: யாருக்குப் போட்டார் என்று வெளியே சொல்லமாட்டேன். அவர் சொன்னபடியே போடுவேன் என்று யாரும் எதையும் வாங்கவில்லை.)

அடுத்த தேர்தலில் அவள் வேறு ஆளுக்கு அழுத்தினாள்.

4

இந்த இடத்தில் நெடுநாள் தடுமாறினேன். முதல் வரைவில் அவள் விரல் தவறிப்போனது. தெரியாமல் நடந்த தப்பு, பாவம், எல்லோரும் மன்னித்துவிடலாம். ஆனால் எழுதிய எனக்கே அது பொய் என்று தெரிந்தது. தைத்துப் பழகிய கை அது, தவறாது.

அவள் தெரிந்தேதான் அழுத்தினாள். தெருக்கோடிக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தவள் அவள். வீட்டுக்கு வீடு குழாய் போட்டுத் தருகிறேன் என்று ஒரு வேட்பாளர் சொன்னார். ஓட்டு மெஷினில் கடைசிப் பெயர் அவருடையது. கணவரோ தன் அப்பா காலத்திலிருந்து ஒரே கட்சி. 'தண்ணி அவருக்கும் சேத்துதானே' என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அழுத்திட்டியா?" என்றார் அவர்.

"ம்."

அந்த 'ம்' அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. சாதம் பரிமாறும்போது உறுத்தும். கம்பியின் நிறம் கேட்கும்போது உறுத்தும். இரண்டு தடவை வாயெடுத்தாள். இரண்டு தடவையும் கடைக்கு யாரோ வந்துவிட்டார்கள். [உண்மையில் யாரும் வரவில்லை. அவள்தான் சொல்லவில்லை.] குழாயும் வரவில்லை என்பது தனிக்கதை.

5

பிறகுதான் நான் பார்த்த அந்த நாள்.

"துணைக்கு ஆள் இருக்கறப்போ எதுக்குங்க சிரமம்? வரிசை எவ்ளோ நீளம் பாருங்க" என்றார் அதிகாரி.

"பாக்க முடியாதுங்க. அதான் பிரச்சினையே" என்றார் அவர். பின்னால் யாரோ சிரித்தார்கள். "பட்டன் பக்கத்துல, தடவிப் படிக்கற பிரெய்ல்ல நம்பர் இருக்குமாமே. எனக்கு நம்பர் படிக்கத் தெரியும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நாளாக ஞாயிறுதோறும் நண்பர் வீட்டுக்கு என்று அவர் கிளம்பிப் போனது பிரெய்ல் கற்கத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"பழக்கமில்லாம ஏதாச்சும் மாத்தி அழுத்திடப் போறீங்க, நானே வரேனே" என்றாள். சொன்ன வேகத்திலேயே தன் குரல் தனக்கே பிடிக்காமல் போனது.

"மாறினா என் ஓட்டுதானே மாறும்?"

அதிகாரி கைபிடித்துக் கூட்டிப்போய் மறைப்புக்குள் விட்டுவிட்டு விலகி நின்றார். நேரமானது. வரிசையில் முணுமுணுப்பு. பீப் சத்தம் கேட்டதும் அவர் வெளியே வந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி.

6

வீட்டுக்கு நடந்தார்கள். மருந்துக்கடை தாண்டியதும் அவள் நின்றாள்.

"ஏங்க. போன தடவ நான் நீங்க சொன்ன ஆளுக்குப் போடல."

"தெரியும்."

"எப்படி?"

"நம்ம ஆளு முதல் பட்டன். ஊரெல்லாம் மைக் வச்சுக் கத்தினான். நீ அழுத்தறப்போ என் கைக்கு அடியில உன் தோள் கீழ இறங்கிச்சு. முதல் பட்டனுக்கு எதுக்கு அவ்ளோ குனியணும்?"

"அப்பவே கேட்டிருக்கலாம்ல? ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்ல?"

"கேட்டா? நீ கோவிச்சுக்கிட்டா, அடுத்த தடவ நான் யாரக் கூட்டிட்டுப் போவேன்?"

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. இத்தனை நாள் அவர் பேசாமல் இருந்தது பெருந்தன்மை இல்லை, வேறு வழியில்லாமல் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

"தண்ணிக்காகத்தான் போட்டேன்" என்றாள் மெதுவாக.

"அதச் சொல்லியிருந்தா நானே அவருக்குப் போட்டிருப்பேனோ என்னவோ. இப்ப எப்படித் தெரியும்? நீயும் சொல்லல. நானும் கேக்கல."

மறுபடி நடந்தார்கள். பள்ளம் வந்த இடத்தில் அவள் "பள்ளம்" என்றாள். அவர் தாண்டினார்.

7

இனி முடிவு. அவள் மனதில் ஒரே கேள்விதான்: இன்று யாருக்குப் போட்டார்?

பழைய கட்சிக்கே என்று ஒரு முடிவு எழுதினேன். அவளுக்குத் தண்டனை மாதிரி இருந்தது. அவளுக்காக, இந்தத் தடவையும் நின்ற அந்தக் குழாய்க்காரருக்கு என்று இன்னொன்று. படித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள், அவருக்குக் கிடைத்த ஒரே ஓட்டையும் மனைவிக்குப் பரிசாக்கிவிட்டேன் என்று எனக்குத்தான் அவமானமாக இருந்தது. இரண்டையும் கிழித்தேன்.

எழுதுகிறவன் எந்த அறைக்குள்ளும் நுழையலாம் என்பார்கள். அந்த மறைப்புக்குள் ஏற்கெனவே ஒருவர் அவரோடு நுழைந்ததால்தான் இவ்வளவும் நடந்தது. நான் போகப்போவதில்லை.

அவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவள் பூட்டைத் திறக்கிறாள். வாய்வரை கேள்வி வந்து நிற்கிறது. கேட்கட்டுமா, வேண்டாமா? அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்க வைத்தால் ஒன்று மட்டும்: அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று வைத்துவிடாதீர்கள்.