தொங்குபாலத்தில் நாற்பது பேர்

குன்வோர் பாலத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்ததை முதலில் பார்த்தது நான்தான். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே தொங்குபாலம். பார்க்கக் கூடாதென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் பாத்திரம் கழுவ வேண்டும். மூன்று நாளாக வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அங்கே போய்க் கையில் விளக்குடன் கிடக்கிறாள். நகராட்சியில் பாலம், சாலை, சாக்கடை எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான் இன்ஜினியர். முன்பு மூன்று பேர் இருந்தார்கள். மற்ற இருவரையும் சிக்கனம் விழுங்கிவிட்டது.

மூன்றாம் நாள் காப்பி ஃபிளாஸ்க்கோடு போனேன். விசாரிக்க அல்ல, குளிராயிற்றே என்று.

"என்னடி குன்வோர், பாலத்துக்கு ஜுரமா?"

"கம்பியெல்லாம் துரு, சிக்னெ. மேல பெயின்ட் பளபளன்னு இருக்கு, உள்ள என்ன இருக்குன்னு தெரியல. ரெண்டு வருஷம் முந்தியே ஆள் வரவழைச்சு சோதிச்சிருக்கணும். அதுக்கான காசை வெட்டிட்டாங்க."

"விழுந்துடுமா?"

"விழும்னும் சொல்ல முடியல, விழாதுன்னும் சொல்ல முடியல. அதான் தூக்கம் வரல."

கீழே ஆறு பழுப்பாக நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. மே மாதம், மலையில் இருக்கிற பனியெல்லாம் இந்த ஒரே வழியாகத்தான் இறங்க வேண்டும்.

இவ்வளவு நாள் யாரும் பாலத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. எங்கள் தேசிய நாளான மே பதினேழு ஊர்வலம் எப்போதும் நெடுஞ்சாலையின் பெரிய பாலம் வழியாகப் போகும். பள்ளிக்கூடம் இந்தக் கரை, தேவாலயமும் கொடிக்கம்பமும் அந்தக் கரை. இப்போதெல்லாம் கூட்டம் நடக்கிற சாலையில் வண்டி எதுவும் கூட்டத்துக்குள் புகுந்துவிடாமல் இரு முனையிலும் லாரியைக் குறுக்கே நிறுத்த வேண்டும், காவலுக்கு ஆள் போட வேண்டும். அதற்குக் காசில்லை என்று நகராட்சி பிப்ரவரியிலேயே கையை விரித்துவிட்டது. மிச்சம் இருந்தது தொங்குபாலம்.

விழாக் குழுக் கூட்டம் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில். தலைவர் டோர்கெய்ர். ஊரின் பல் டாக்டரும் அவர்தான், பிள்ளைகளின் பேண்டு மாஸ்டரும் அவர்தான். எதைப் பேசினாலும் வலிக்காது, வலிக்காது என்கிற குரலிலேயே பேசுவார்.

"பள்ளி மைதானத்தையே மூணு சுத்து சுத்தி வந்தா என்ன?" என்றாள் குன்வோர்.

"நாங்க என்ன சர்க்கஸ் குதிரையா?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்க, ஒரே சிரிப்பு.

"ஏம்மா குன்வோர்," என்றார் டோர்கெய்ர். "போர்க் காலத்துல மட்டும்தான் ஊர்வலம் நின்னுது. இப்ப நின்னா, நிறுத்தினது யாருன்னு பிள்ளைங்க கேக்கும். உன் பேரைச் சொல்லட்டுமா?"

அது அநியாயம். ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கென்றே வைத்திருக்கும் என் கம்பளிப் பாவாடையை அப்போதுதான் இடுப்பில் இரண்டு அங்குலம் பிரித்துத் தைத்திருந்தேன். மைதானம் சுற்றவா அது?

குன்வோரின் மகள் ஊடாவுக்குப் பதினொரு வயது. பேண்டில் முதல் முரசு அவளுக்கு இந்த வருஷம்தான் கிடைத்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் குன்வோர் கையெழுத்துப் போட்டாள், நிபந்தனைகளோடு. ஒரு தடவைக்கு நாற்பது பேர்தான். நடுவில் யாரும் நிற்கக் கூடாது. கால் சேர்த்து அணிநடை போடக் கூடாது, போட்டால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். பாலத்தில் முரசு சத்தமே கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்களை எண்ணிவிட மஞ்சள் சட்டை போட்ட ஒரு ஆள் வேண்டும் என்றதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சிக்னெ எப்படியும் எண்ணிக்கிட்டுத்தான் இருப்பா," என்றார் டோர்கெய்ர். "சட்டை போட்டுக்கிட்டு எண்ணட்டும்."

பதினேழாம் தேதி வெயில். கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் பாலத்து வாயிலில் நின்றேன். நாற்பது எண்ணுவேன், கயிற்றை இழுப்பேன், அந்தக் கூட்டம் அக்கரை போய்ச் சேர்ந்ததும் திறப்பேன். குன்வோர் பாலத்தின் நடுவில் நின்று, கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "நடங்க, நடங்க" என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. இப்படி நாற்பது நாற்பதாக விட்டதில் ஊர்வலம் தாமதமாகிவிட்டது. அதை அக்கரையில் இருப்பவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பேண்டு பாலத்தின் நடுவில் இருக்கும்போது மணி பத்து. அழைப்பிதழில் கொடியேற்றம் பத்து மணி என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் பத்து என்று அச்சடித்தால் பத்துதான். அக்கரையில் கொடி ஏறியது, அங்கிருந்த வாத்தியக்காரர்கள் தேசிய கீதத்தை ஆரம்பித்துவிட்டார்கள்.

கீதம் கேட்டால் நாங்கள் நிற்போம். யோசித்து நிற்பதில்லை, கால் நின்றுவிடும். பாலத்தின் மேல் பேண்டின் முப்பத்தெட்டு பிள்ளைகளும் நின்றார்கள். டோர்கெய்ர் தொப்பியைக் கழற்றினார், பிறகு பழக்கதோஷத்தில் கையையும் உயர்த்தினார். பேண்டும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியது.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைகளைப் பக்கவாட்டில் வைத்து நிமிர்ந்து நின்றேன். கயிறு கீழே கிடந்தது. என் பின்னால் இருந்தவர்களுக்கு மரங்கள் மறைத்ததால் கொடி தெரியவில்லை. தெரிகிற இடம் தேடி மெல்ல, மரியாதையாக, பாலத்தின் மேல் ஏறினார்கள். ஏறி, பாடிக்கொண்டே லேசாக அசைந்தார்கள். முதல் சரணம் முடிவதற்குள் நூறு பேருக்கு மேல். பலகைகள் முனகின. பாடுகிறவர்கள் விழா உடையில் குத்தியிருந்த வெள்ளி ஊசிகள் தானாகவே கிணுகிணுவென்றன.

"நிக்காதீங்க! நடங்க!"

குன்வோர்தான். கீதத்துக்கு நடுவில் கத்துகிறாள். ஒரு ஆள் அசையவில்லை. பாடுகிற வாயை மூடாமலே எல்லோரும் அவளை முறைத்தார்கள்.

"காதுல விழலையா? போங்கன்னு சொல்றேன்!"

பிறகு அவள் யாரையும் கெஞ்சவில்லை. நேராக ஊடாவிடம் போய், முரசின் தோள்வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு அக்கரையைப் பார்த்து நடந்தாள். பெண்ணுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். பேண்டுப் பிள்ளைகளுக்கு மூன்று வருஷமாகச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: முரசு போனால் பின்னால் போ. ஊதியபடியே, ஆளுக்கொரு காலாக, தாறுமாறாகப் பின்னால் போனார்கள். பிள்ளைகள் போனதும் பெற்றோரும் போனார்கள். மூன்றாம் சரணம் முடிந்து "ஹுர்ரா" என்று ஊரே குதித்தபோது பாலத்தில் ஆளில்லை. வெறும் பாலம் மட்டும் சற்று நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று சாசேஜ் கடை வரிசையில் ஒரே பேச்சு. பாலத்தைப் பற்றி அல்ல.

"கீதத்துக்கு நடுவுல கத்தினாளே, பாவம் ஊடாவுக்கு எவ்வளவு அவமானம்!"

"நூறு பேரைத் தாங்கிச்சே பாலம். அப்புறம் எதுக்கு சோதனை, ரிப்பேர்?" என்றார் ஒரு நகராட்சி உறுப்பினர், கடுகுச் சாந்தைத் துடைத்துக்கொண்டே. சோதனைக்கு ஒதுக்கலாமா என்று இருந்த கொஞ்சப் பணமும் அந்த இடத்திலேயே போயிற்று. என் கையில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது. கயிற்றை விட்டது நான் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை குன்வோர் யாரிடமும் கேட்காமல் பாலத்தின் இரு முனையிலும் சங்கிலி போட்டுப் பூட்டினாள். உத்தரவில் அவள் கையெழுத்து மட்டும். ஊடா சங்கிலியின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை, ஆனால் வேலை ஒழுங்காக நடந்தது.

சங்கிலி இடுப்பு உயரம்தான். தாண்டுகிறவர்கள் தாண்டுகிறார்கள். ஜன்னலில் இருந்து எண்ணி, சாயங்காலம் குன்வோரிடம் ஒப்பிக்கிறேன். செவ்வாய் ஆறு பேர். புதன் நான்கு. ஞாயிறன்று ஒரே ஒருவர்: டோர்கெய்ர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாண்டினார். பாதி தூரம் போய் நின்றார், கீழே தண்ணீரைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டே, வந்த வழியே திரும்பினார்.

பேக்கரி அக்கரையில் இருக்கிறது. பெரிய பாலம் சுற்றிப் போக ஆறு கிலோமீட்டர். நான் சைக்கிளில் போகிறேன்.