குளிரும் என்று சொன்னவர்

1

வக்கீலம்மா ஜெராக்ஸ் கடைக்குள் ஓடி வந்தபோது ஸ்கேனரில் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ கிடந்தது. அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தன் வக்காலத்தைக் கவிழ்த்தார்.

“மேடம், வரிசைன்னு ஒண்ணு இருக்கு” என்றான் கடைக்காரன்.

“இருக்கட்டும்பா. என் கட்சிக்காரரை இன்னிக்கு பிளைட் ஏத்தப்போறாங்க. இந்தக் கல்யாணம் எங்கயும் ஓடிப்போயிடாது.”

“ஓடிப்போற கல்யாணமும் இருக்கு மேடம்” என்றபடியே பொத்தானை அழுத்தினான்.

[இது மூன்றாவது தொடக்கம். முதலாவதில் ஒரு நீதிபதி சுத்தியலால் மேஜையைத் தட்டினார். அந்த நீதிமன்றத்தில் தட்டுவதில்லை என்று தெரிந்ததும் கிழித்துப்போட்டேன். இரண்டாவது, ‘மனித உரிமை என்பது’ என்று ஆரம்பித்தது. அதற்குமேல் நானே படிக்கவில்லை.]

கதை கிடைத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஓர் அத்தியாயத்துக்கு நாடு கடத்தும் காட்சி தேவைப்பட்டது. சட்ட விவரம் கேட்கத்தான் வக்கீலம்மாவிடம் போனேன். அவர் விவரம் சொல்லவில்லை, இதைச் சொன்னார். யாரையும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஒருவருடைய தொழில், ஓர் உறவுமுறை, ஒரு பொருள். மற்றபடி நடந்தது நடந்தபடி.

2

கட்சிக்காரர் ஆம்புலன்ஸ் டிரைவர். தன் நாட்டில், காவலில் செத்தவர்களை ஏற்றிப்போனவர். மாரடைப்பு என்று எழுதப்பட்ட உடம்புகளில் தான் பார்த்த காயங்களை விசாரணையில் சொன்னார். பிறகு அவரைத் தேடி ஆள் வந்தது. மனைவியோடு இங்கே தப்பி வந்து அடைக்கலம் கேட்டார். கீழ்க்கோர்ட், மேல்கோர்ட், அதற்கும் மேலே. எல்லா இடத்திலும் ‘முடியாது’. திருப்பி அனுப்பினால் அவரும் ஆம்புலன்ஸில் ஏற வேண்டியதுதான், பின்பக்கமாக, படுத்தபடி.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. பல நாடுகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு உண்டாக்கிய நீதிமன்றம். அங்கே ஒரு தனி மனுஷன் ஓர் அரசாங்கத்தின்மேலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் உள்ளூர்க் கதவையெல்லாம் தட்டி முடித்திருக்க வேண்டும். எங்கும் தோற்றவனுக்குத்தான் அங்கே வாசல். இப்படி ஒரு விதியை நான் கற்பனையாக எழுதியிருந்தால் ஆசிரியர் சிரித்திருப்பார்.

தீர்ப்பு வர வருஷக்கணக்காகும். அதுவரை ஆளை அனுப்பாதே என்று இடைக்கால உத்தரவு வாங்கலாம். அதற்கு அவர்களுடைய அவசரப் பிரிவு வக்கீலம்மாவிடம் கேட்டது ஒரே கேள்வி: எந்த விமானம்?

அது அவருக்குத் தெரியாது. அதிகாரிகள் ‘இன்றைக்கு’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். டிரைவரை ஏற்கெனவே வேனில் ஏற்றியாகிவிட்டது.

[வேனின் ஜன்னலில் கம்பிவலை என்று எழுதியிருந்தேன். அத்தான் அடித்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி என்று போட்டார். அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். சீருடை உத்தியோகம். என் தொடர்களில் யாராவது துப்பாக்கியைத் தப்பாகப் பிடித்தால் அவருக்குச் சோறு இறங்காது. அச்சுக்குப் போகுமுன் எல்லாப் பக்கமும் அவர் கண்ணில் பட்டாக வேண்டும்.]

என் தொடராக இருந்தால் இந்நேரம் கதாநாயகன் பைக்கோடு ரன்வேயில் இறங்கியிருப்பான். இங்கே கதாநாயகி கையில் இருந்தது, சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்த ஒரு போன்.

3

டிரைவரின் மனைவி கடை வாசலுக்கு வந்தாள். தோளில் கணவனின் பை.

“அக்கா, அவரை அனுப்புற ஆபீஸ்லேருந்து ஒருத்தர் போன் பண்ணார். இந்தப் பையை ஏர்போர்ட் கேட்டுல கொடுத்துடணுமாம்.”

“எந்த பிளைட்டுன்னு கேட்டியா?”

“கேட்டேன். அதெல்லாம் சொல்லக்கூடாதும்மான்னார். ஸ்வெட்டர் ஒண்ணு வைம்மா, வழியில குளிரும்னார். போனை வச்சிட்டார்.”

“பேரு?”

“சொல்லல. ஆபீஸ் போன்தான்.” அவள் பையைக் கீழே வைத்தாள். “இவருக்கு எதுக்குக்கா ஸ்வெட்டர்? இங்கயும் வேகுது, அங்கயும் வேகுது.”

வக்கீலம்மா போனில் மனு தட்டுவதை நிறுத்தினார். “திருப்பிச் சொல்லு.”

“இங்கயும் வேகுது, அங்கயும்...”

“வழியில குளிரும்னாரா?”

கடைக்காரனே கம்ப்யூட்டரில் தேடினான். அன்றைக்கு அந்த நாட்டுக்கு ஐந்தாறு விமானங்கள். ஒன்றுதான் நடுவில் பனி கொட்டும் ஊரில் இறங்கி ஏறுவது. “நடுவுல நிக்கிற ஊரு மைனஸ்ல இருக்கு மேடம்” என்றான். வக்கீலம்மா அந்த விமானத்தின் எண்ணை மனுவில் சேர்த்து அனுப்பினார்.

[போன் செய்த ஆளை என்னால் நம்ப முடியவில்லை. பை கேட்டது கடமை, சரி. குளிரைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்? இரக்கமா? வாய் தவறியா? வேண்டுமென்றேவா? காரணம் ஒன்று கொடுத்துப் பார்த்தேன்: ‘அவருக்கும் வீட்டில் ஒரு மகள்...’ அடித்துவிட்டேன். கல்நெஞ்சக்காரனுக்கு மகளைக் கொடுத்து இளக வைப்பது என் பழைய வியாபாரம். ஆளைக் காரணமில்லாமலே விட்டுவிடுகிறேன்.]

4

உத்தரவு வந்தது. ஆனால் அந்த நீதிமன்றத்துக்குப் போலீஸ் கிடையாது. உத்தரவு என்பது வெறும் கடிதம். அது குடியேற்றத் துறைக்கு வர வேண்டும். துறையில் ஒருவர் படிக்க வேண்டும். படித்தவர் விமானத்தடியில் நிற்கும் அதிகாரியைக் கூப்பிட வேண்டும். நடுவில் ஒருத்தர் டீ குடிக்கப் போயிருந்தால்...

முடிவு ஒன்று: கதவு சாத்திய பிறகு போன் அடிக்கிறது. (எழுதினேன். திரும்பப் படிக்கத் தைரியமில்லை.)

முடிவு இரண்டு: போன் அடிக்கிறது. எடுத்தவர், “லைன் சரியில்ல சார், கேக்கல” என்கிறார்.

முடிவு மூன்று: படியில் கால் வைத்தவரைக் கீழே இறக்குகிறார்கள். வேன் வந்த வழியே திரும்புகிறது.

நடந்தது மூன்றாவது. ஆனால் அதை முடிவென்று சொல்ல முடியவில்லை. ‘தீர்ப்பு வரும்வரை’ என்றுதான் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. டிரைவர் இன்னும் பூட்டிய அறையில்தான். அவர் மனைவி வாசலில் எந்த வண்டி நின்றாலும் ஜன்னலுக்கு ஓடுகிறாள். “நீங்களா ஜெயிக்க வச்சிடாதீங்க சார்” என்றார் வக்கீலம்மா. “அவ படிச்சா நம்பிடுவா.”

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். விமானம் எதுவென்று வெளியே சொன்னது யார் என்று துறையில் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அகப்பட்டால் வேலை போகும், வழக்கும் வரும். அந்த ஆளைக் காப்பாற்ற எந்த நாட்டுக் கோர்ட்டுக்குப் போவது?

“யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாது. தெரியவும் வேண்டாம்.”

ஆகவே முடிவை எழுதாமல் விடுகிறேன். நீதிபதிகள் எழுதட்டும். இங்கேயே நிறுத்தி, பக்கங்களை வழக்கம்போல அத்தானிடம் கொடுத்தேன்.

5

மத்தியானச் சாப்பாடு முடிந்து, மேஜையைத் துடைத்துவிட்டு, அத்தான் பக்கங்களைப் பரப்பினார்.

“படியில ஏத்தறது பின்கதவு வழியா. மத்த பாசஞ்சர் வர்றதுக்கு முன்னாடியே ஏத்திடுவாங்க.”

“சரி அத்தான்.”

“கைவிலங்கு பத்தி எழுதவே இல்ல. நல்லதாப் போச்சு. எழுதினா தப்பாத்தான் எழுதுவே.”

“இவ்வளவு திருத்துறதுக்கு நீங்களே எழுதிடலாமே” என்றாள் அக்கா, உள்ளேயிருந்து.

அத்தான் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தீர்ப்பு எப்ப வருமாம்?”

“தெரியலயாம்.”

பக்கங்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். எழுந்தவர், நாற்காலியைப் பிடித்தபடி நின்றார்.

“மூணாவது பகுதியில ஸ்வெட்டர்னு போட்டிருக்கே. தப்பு. மஃப்ளர்.”

“ஸ்வெட்டரோ மஃப்ளரோ, கதைக்கு என்ன குறைஞ்சுபோச்சு?” என்றாள் அக்கா.

“தப்பு தப்புதானே” என்று சொல்லிவிட்டு, மறுநாள் சீருடைக்கு இஸ்திரி போட உள்ளே போய்விட்டார்.

நான் பேனாவை எடுத்தேன். மூடி வைத்தேன். மேலே ஸ்வெட்டர் என்றே இருக்கிறது, நீங்களே பார்த்தீர்கள்.

ஒரு பொருளை மாற்றியிருக்கிறேன் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். அந்தப் பெண் வக்கீலம்மாவிடம் சொன்னதும், வக்கீலம்மா என்னிடம் சொன்னதும், மஃப்ளர். ஸ்வெட்டர் ஆக்கியவன் நான். அது மஃப்ளர் என்று அத்தானிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை.