செத்தவருக்கு வைத்த தண்ணீர்

மூன்றாவது முறையாக அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். கியூபாவின் சந்தியாகோ தெ கூபா நகரில் கொசு ஒழிப்பு வேலையில் எனக்குப் பதினோரு வருஷம். முகத்தில் கதவைச் சாத்தினால் திரும்பிப் போகிற ஆள் நான் இல்லை.

"மறுபடியும் வந்துட்டியா, பிசாசே?" என்றார் கதவைத் திறந்த எஃபெமியா பாட்டி.

"வருவேன். உங்க மருமகளுக்கு இது அஞ்சாம் மாசம். பக்கத்துத் தெருவுல ஜிகா காய்ச்சல். இவளுக்கு வந்தா வயித்துக் கொழந்தையோட மூளைக்கே ஆபத்து."

மருமகள் யுடேனியா டொமினோ ஆடும் மேசையருகே உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் மணி நாலரை. கணுக்கால் முழுக்கத் தடிப்பு. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ராத்திரி வலைக்குள்ளதானே படுக்குறேன்" என்றாள்.

"இந்தக் கொசு பகல்லதான் கடிக்கும், தாயே! மேசைக்கு அடியில ஒளிஞ்சிருந்து காலைத்தான் பிடிக்கும். அது வயிறு நெறஞ்சப்புறம் நீ வலைக்குள்ள போற!"

தண்ணீர்ப் பீப்பாய் மூடியிருந்தது. பூந்தொட்டியில் மணல்தான், தண்ணீர் இல்லை. மிச்சம் மூலையிலிருந்த சின்ன மேசை. அதில் எஃபெமியாவின் செத்துப்போன கணவர் ரிகோபெர்த்தோவின் படம், அவர் ஆவிக்கு வைத்த கண்ணாடித் தம்ளர் தண்ணீர். போன இரண்டு தடவையும் எஃபெமியா என்னை அங்கே அண்டவிடவில்லை.

"அதைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்!"

"தொடல. கடைசியா எப்பக் கழுவுனீங்க?"

திங்கட்கிழமைதோறும் கொட்டிக் கழுவிப் புதுத் தண்ணீர் வைப்பதுதான் முறை. எஃபெமியா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முழங்கால் வலி. கொறையக் கொறைய மேல ஊத்துறேன்."

போச்சுடா! தம்ளர் ஓரத்தில் ஒட்டிய முட்டை, தண்ணீர் ஏறினால் பொரிந்துவிடும். டார்ச் அடித்து மேசையைத் தட்டினேன். கொசுப்புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின.

எஃபெமியா தம்ளரைப் பார்த்தார். மருமகளின் காலைப் பார்த்தார்.

"நான் வளத்ததா இவளைக் கடிச்சுது?"

டார்ச்சை அணைத்தேன். "நாளைக்குக் காலையில இவளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போறேன். தம்ளரை எடுக்க வேணாம். தினமும் கழுவி மாத்துனா போதும்மா."

அவர் கேட்கவில்லை. நொண்டியபடியே போய் முற்றத்து வெயிலில் தண்ணீரைக் கொட்டினார். உள்ளோரத்தைத் தேய் தேயென்று தேய்த்தார். திரும்பி வந்து, படத்தின் முன்னால் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"கோவிச்சுக்காதய்யா ரிகோபெர்த்தோ" என்றார். "உன் பேரப்புள்ள நல்லபடியாப் பொறக்குற வரைக்கும் தாகத்தோட கெட."