பிரிக்காத ஷூ பெட்டி

நாளைக் காலை நடக்கத் தொடங்க வேண்டும். ஆற்றோரமாகவே, ஆறு கடலில் கலக்கிற இடம் வரைக்கும். ஒரு வாரமாவது ஆகும். அதனால் இன்றைக்குக் கால் நீட்டி ஓய்வெடுப்போம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அக்கா கேட்டால்தானே?

"இவ்ளோ தூரம் வந்துட்டு கோட்டையைப் பாக்காம போறதா?" என்று கிளம்பிவிட்டாள். அதுவும் பின்வார் வைத்த ரப்பர் செருப்போடு.

இந்த நடைக்கென்றே மூன்று மாதத்துக்கு முன்னால் அவளுக்கு ஷூ வரவழைத்துக் கொடுத்தேன். வீட்டுக்குள் போட்டுப் பழகு என்றேன். பெட்டியையே பிரிக்கவில்லை. அக்கா வீட்டு டிவி ரிமோட் இன்னும் கடை உறையில்தான் இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் பாலித்தீன் சரசரக்கும்.

"போட்டா அழுக்காயிடும்டி. நடக்கிற அன்னிக்குப் புதுசா போட்டுக்கறேன்."

இப்படிச் சொல்பவளிடம் என்ன பேசுவது?

அக்கா தையல்காரி. மெஷினுக்கும் வெட்டும் மேஜைக்கும் நடுவே நடந்தது தவிர வேறு நடை அறியாதவள். இன்றைக்கு என்ன வந்ததோ, கோட்டைத் தெருவின் கருங்கல் ஏற்றத்தில் எனக்கு முன்னால் போனாள். வாசல் கதவின் ஆணிகளைத் தடவினாள். ஆற்றைப் பார்த்த மதிலில் அம்பு விடும் ஓட்டை ஒவ்வொன்றிலும் கண்ணை வைத்தாள்.

"சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்த மாதிரி இருக்குடி!"

கோட்டைக் கோபுரத்திலும் ஏறினாள். மேலிருந்து பார்த்தால் ஆறு வளைந்து வளைந்து எங்கோ போய் மறைந்தது.

"அவ்ளோ தூரமா?" என்றாள்.

அத்தான் இறந்துபோன பிறகு இவளைக் கடையை விட்டு வெளியே இழுத்துவர இரண்டு வருஷம் பிடித்தது. ஒரு சாக்கு கிடைத்தால் போதும், ஊருக்குப் பஸ் ஏறிவிடுவாள். அப்புறம் எந்த ஜென்மத்திலும் வெளியே வரமாட்டாள்.

விடுதி அறைக்குத் திரும்பியதும் பார்த்தேன். செருப்பு வார் உரசி அக்காவின் குதிகாலில் தோல் வழன்றிருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஷூ பெட்டியைப் பிரித்தேன். இரண்டும் இடது கால் ஷூ.

கீழே ஓடி விடுதிக்காரம்மாவிடம் ஷூ கடை எங்கே என்று கேட்டேன்.

"இங்க பொம்மை வாளும் பொம்மைக் கோட்டையும்தான் கிடைக்கும். ஷூ வேணும்னா, நாளைக்கு நீங்க போய்ச் சேர்ற ஊர்லதான்."

மேலே வந்தால், அக்கா பையைத் திறந்து துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஷூ நாளைக்குப் போய்ச் சேர்ற ஊர்லதான் கிடைக்குமாம். அதுக்குள்ள ஊருக்குக் கிளம்பிட்டியாக்கும்?" என்றேன்.

கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு ஷூவை மடியில் வைத்து, சுண்டுவிரல் வரவேண்டிய பக்கத்தை நறுக்கென்று வெட்டினாள்.

"ஐயோ, புதுசுக்கா அது!" கத்தியது நான்தான்.

"கிடக்கட்டும். அந்த ஊர் வரைக்கும் வந்தா போதும்."

வலது காலை உள்ளே நுழைத்தாள். கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அறைக்குள் அப்படியும் இப்படியும் நடந்து பார்த்தாள்.

"சீக்கிரம் எழுப்பிவிடு. வெயில் ஏறினா என்னால நடக்க முடியாது."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மூணு மாசமா பிரிக்க மனசு வரல. இப்ப வெட்ட மட்டும் வந்துச்சா?" என்று திட்டிக்கொண்டே அவள் குதிகாலுக்கு மருந்து போட்டேன்.