கோடலீவிடம் சொல்லாத அழைப்பு

மூன்று வருடங்களுக்கு முன்னால், மெக்கலன் நகரில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவை நடத்தும் லீவன் வீட்டுக்குப் போன் செய்தார். என் மனைவி கோடலீவ் குழுவுக்கான குரல் சோதனையில் தேறிவிட்டாள், வியாழக்கிழமை ஒத்திகைக்கு வரட்டும் என்றார். அவள் கடைக்குப் போயிருந்தாள்.

"அவளுக்கு இப்ப விருப்பமில்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமைகளில் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டுமே என்பதுதான் காரணம். எழுதவே கூசுகிறது. சமையலறையில் அவள் கேட்கும் ஐந்நூறு வருடப் பழைய லத்தீன் பாட்டுகளும் எனக்கு ஆகாது. "ஒரு ஆமென் முடியறதுக்குள்ள உருளைக்கிழங்கே வெந்துடும்" என்று கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள். அழைப்பு வராமலே போனதும் அந்தப் பாட்டுகளைப் போடுவதையே நிறுத்திவிட்டாள்.

இந்த ஜனவரியில் அதே தேவாலயத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் நின்றுபோனது. அதெல்லாம் பழுது பார்ப்பதுதான் என் தொழில் என்பதால் போனேன். வேலை முடிந்து, குழாய்களில் சூடு ஏறுகிறதா என்று பார்க்க உள்ளே நின்றேன். பன்னிரண்டு பேர் குளிருக்குக் கோட்டோடு ஒத்திகை செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு குரல் தொடங்கியது. அது அடங்குவதற்குள் இன்னொன்று அதே சொல்லை எடுத்து மேலே போனது. மூன்றாவது குரல் கீழிருந்து சேர்ந்துகொண்டது. யாருக்கும் அவசரமில்லை. எப்போது முடியும் என்று முதலில் காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதையே மறந்துவிட்டேன். பாட்டு நின்றபோது அரை மணி நேரம் போயிருந்தது. கன்னம் ஈரமாக இருந்தது.

லீவன் வந்து என் வேலைச் சட்டையில் இருந்த குடும்பப் பெயரைப் படித்தார். "ஃபெர்ஹெல்ஸ்ட்டா? கோடலீவ் வீட்டுக்காரரா நீங்க? அவங்க வரலைன்னதும் ரொம்ப வருத்தப்பட்டோம். அந்த மாதிரி கீழ் ஸ்தாயிக் குரல் இன்னும் எங்களுக்கு அமையல."

ஏதோ முணுமுணுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

கோடலீவ் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "என் குரல் போதலைன்னு நெனச்சிட்டிருந்தேன், யோரிஸ்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாயைத் திறக்கல?"

"இன்னைக்கு நானும் கேட்டேன். அப்படியே உருகிட்டேன்" என்றேன்.

"அதை எங்கிட்ட சொல்லாதே. இப்ப சொல்லாதே."

லீவனை அவளே கூப்பிட்டுப் பேசினாள். அடுத்த வியாழக்கிழமை காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன். "பஸ் இருக்கு" என்றாள்.

ஈஸ்டர் பூசைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அத்தனை குரல்களுக்குள் அவளுடையது எது என்று கடைசிவரை தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

வாசலில் என் பக்கம் வந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"சரி" என்றாள். மற்ற பாடகர்கள் காபி குடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு நடந்தாள்.